லிங்கி ஆற்றோடு ஒரு நாள்



போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போகாத தோட்டக் குடும்பம் நெகிரி செம்பிலானில் உண்டா? பள்ளி விடுமுறை விட்டால் போதும், லோரி பேசி, புளிச்சோறும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு போய் வந்தவர்கள்தாம் நாம். ஆனால் அந்தக் கடற்கரைக்குத் தெற்கே போய் விழுகிற லிங்கி ஆற்றை நம்மில் எத்தனை பேர் நின்று பார்த்திருக்கிறோம்? பஸ் பாலத்தைக் கடக்கும்போது, கீழே ஏதோ கலங்கலாக ஓடுகிறது என்று ஒரு பார்வை. அவ்வளவுதான்.

நானும் அப்படித்தான் இருந்தேன். ஆற்றைப் பார்க்க என்னை அனுப்பி வைத்தது என் அத்தை வீட்டு வெள்ளம்.

அத்தைக்கு எழுபத்து நான்கு வயது. ரந்தாவ் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பத்தெட்டு வருஷம் பால்மரம் வெட்டியவர். தோட்டத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அது ஒரு தோட்டத்துக் கதையாகிப் போகும். இதுவோ பல தோட்டங்களின் கதை. அவர் குடியிருப்பது பள்ளத்து லயம். வேலை செய்த காலத்தில் அந்த லயத்துக்குள் ஒருநாளும் தண்ணீர் வந்ததில்லை. இப்போது பெருமழை கொட்டினால் செம்மண் நீர் வாசற்படி ஏறி, அரிசி வைத்திருக்கும் பானை வரை வந்துவிடுகிறது. நான் போய்ச் சேர்ந்தபோது அத்தை விளக்குமாற்றால் சேற்றைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

“எங்கேயிருந்து அத்தை இவ்வளவு தண்ணீர்?” என்றேன்.

“எங்கேயிருந்து வருதுன்னு கேக்காதேப்பா, எப்பப் போகும்னு கேளு” என்றார்.

அந்தப் பதில் என் மனத்தில் முள்ளாகத் தைத்தது. எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் இருக்க நம்மை யார் பழக்கினார்கள்? மறுநாள் காலையிலேயே ஒரு நண்பரின் பழைய காரில் ஏறிச் சிரம்பானுக்குப் போனேன். தண்ணீர் வரும் வழியிலும் போகும் வழியிலும் ஒரு நாள் முழுக்கப் பயணம் செய்வதென்று முடிவு. வாருங்கள், நீங்களும் கூட வாருங்கள்.

லிங்கி ஆறு சிரம்பானுக்கு வடகிழக்கே தித்திவங்சா மலைத்தொடரின் காட்டுச் சரிவுகளில் பிறக்கிறது. பிறந்த இடத்தில் அது பாறைகளுக்கிடையே பளிங்குபோல் ஓடும் சின்ன ஓடை. நகருக்குள் நுழைந்ததும் அதன் முகமே மாறிவிடுகிறது. இருபுறமும் சிமெந்துக் கரை. நடுவில் காப்பி நிறத் தண்ணீர். ஓரத்தில் பிளாஸ்டிக் பைகள், பொலித்தீன் கூடுகள். பாலத்தின்மேல் நின்று பார்த்தால், நகரத்தின் கூரைகளும் கார் நிறுத்துமிடங்களும் தங்கள் மழைநீரைக் குழாய் குழாயாக ஆற்றில் கொட்டுவது தெரியும்.

இந்த ஆற்றுக்கு ஒரு பழைய பெருமை உண்டு. சிரம்பானுக்கு ரயில் வருவதற்கு முன்னால், சுங்கை ஊஜோங் என்று அன்று அழைக்கப்பட்ட இந்தப் பகுதியின் ஈயமெல்லாம் லிங்கி வழியாகத்தான் படகில் ஏறிக் கடலுக்குப் போனது. வழியெங்கும் சிறு தலைவர்கள் தடுப்பு அமைத்துச் சுங்கம் வசூலித்தார்கள். யார் வசூலிப்பது என்று ஓயாத சண்டை. 1874-இல் சுங்கை ஊஜோங்கின் டத்தோ கிளானா பிரிட்டிஷாரோடு உடன்படிக்கை செய்துகொண்டதற்கு இந்த ஆற்றுத் தகராறும் ஒரு காரணம். 1891-இல் சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்கு ரயில் ஓடத் தொடங்கியதும் ஆற்றின் அதிகாரம் ஒடுங்கிவிட்டது. ஆறு யாருடையது என்ற கேள்வி மட்டும் ஒடுங்கவில்லை. அதை இன்னும் சற்று நேரத்தில் பார்ப்போம்.

ராசா, மம்பாவ் தாண்டித் தெற்கே வரும்போது நான் சாலையின் இருபுறத்தையும் கவனித்துக்கொண்டே வந்தேன். இருபத்தைந்து, முப்பது வருஷங்களுக்கு முன்னால் இந்த வட்டாரமெல்லாம் ரப்பரும் செம்பனையும் நின்ற காடு. இன்று சிரம்பான் 2, பண்டார் ஸ்ரீ செண்டாயான் என்று நகரங்கள் எழுந்து நிற்கின்றன. நம் பிள்ளைகள் பலர் அங்கே வீடு வாங்கியிருக்கிறார்கள்; நல்லதுதான். நகரம் வரக்கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. மண்ணைச் சிமெந்து மூடும்போது தண்ணீருக்கு என்ன நேர்கிறது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அங்குல மழை பெய்தால், விழுகிற நீர் ஏறக்குறைய 102,000 லிட்டர். நம் வீட்டுப் பின்னால் இருக்கும் 200 லிட்டர் டிரம்மில் பிடித்தால் ஐந்நூறு டிரம் நிறைந்து மேலும் மிஞ்சும். அந்த ஏக்கர் காடாக இருந்தால் இலை கொஞ்சம் தாங்கும். சருகு கொஞ்சம் குடிக்கும். வேர் வழியாக மண்ணுக்குள் கொஞ்சம் இறங்கும். மீதிதான் மெல்ல ஓடையைச் சேரும். அதே ஏக்கர் கூரையும் தார்ச்சாலையுமாக ஆகிவிட்டால் ஏறத்தாழ அத்தனை தண்ணீரும் உடனே ஓடியாக வேண்டும். நூறு ஏக்கர் மேட்டை வெட்டிச் சமமாக்கினால், ஐம்பதாயிரம் டிரம் தண்ணீர் ஒரு மணி நேரத்துக்குள் கீழே இறங்க வழி தேடுகிறது. அதற்குக் கிடைத்த வழி என் அத்தையின் வாசற்படி!

ஆம், அத்தை குடியிருக்கும் லயத்துக்கு மேலே இருந்த மேட்டுக்காடு இப்போது இல்லை. மரத்தைச் சாய்த்து, மண்ணை வெட்டி, வீடமைப்புக்குத் தயார் செய்திருக்கிறார்கள். மழை வந்தால் நீரோடு மண்ணும் வருகிறது. லயத்து அல்லூறு மண்ணால் தூர்ந்து, பாதி ஆழம்கூட இல்லை.

அல்லூறு என்றதும் பெரியவர்களுக்குப் பழைய நினைவு வரும். தோட்டத்தில் அல்லூறு வெட்டுவது உயிர் காக்கிற வேலையாக இருந்த காலம் உண்டு. காட்டை அழித்து ரப்பர் நட்டபோது, நிழலில் கிடந்த மலையோடைகளில் வெயில் பட்டது. வெயில் படும் தெளிந்த ஓடைநீரில் முட்டையிடும் ஒருவகை அனோபிலிஸ் கொசு பெருகியது. மலேரியாக் காய்ச்சலில் நம் முன்னோர் கூட்டம் கூட்டமாக மடிந்தார்கள். 1901-ஆம் ஆண்டு முதல் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் என்பவர் சதுப்பு நீரை வடித்துக் காய்ச்சலைக் குறைத்துக் காட்டினார். பிறகு தோட்டங்களிலும் வடிகால் வெட்டினார்கள், மண்ணுக்கடியில் குழாய் பதித்தார்கள், ஓடைகளில் எண்ணெய் தெளிக்க ஆள் வைத்தார்கள். அந்தக் காலத்துப் பாடம் ஒன்றே: தண்ணீரை நிற்கவிடாதே, ஓட்டிவிடு.

மண்ணைக் காப்பாற்றும் வேலையும் நம் கைகளே செய்தன. ஆரம்பத்தில் ஒரு புல்கூட இல்லாமல் தோட்டத்தைச் சுரண்டிச் சுத்தமாக வைப்பதே அழகு என்று துரைமார் நினைத்தார்கள். மேல்மண் எல்லாம் மழையில் ஆற்றுக்குப் போனபிறகுதான் புத்தி வந்தது. சரிவிலே படிப்படியாகத் தட்டு வெட்டினார்கள். நிரைகளுக்கிடையே மண் பிடிக்கக் குழி தோண்டினார்கள். தரையை மூடிப் படரும் அவரை இனக் கொடிகளை விதைத்தார்கள். அந்தக் குழிகளைத் தோண்டியவர்கள் நம் தாத்தாமார். மேட்டில் விழுந்த மழையை மேட்டிலேயே பிடித்து வைக்கும் கலை நமக்குத் தெரியாததல்ல.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். அரசாங்கமும் கடைசியில் அந்தக் கலைக்கே திரும்பி வந்திருக்கிறது. 1932-இல் தொடங்கப்பட்ட வடிகால் நீர்ப்பாசன இலாகா, நெடுங்காலம் ‘சீக்கிரம் ஓட்டிவிடு’ என்ற முறையில்தான் நகரங்களுக்குக் கால்வாய் கட்டியது. மேலே இருப்பவன் சீக்கிரம் ஓட்டினால் கீழே இருப்பவன் சீக்கிரம் மூழ்குகிறான் என்பது அனுபவத்தில் தெரிந்தது. ஆகவே 2001 ஜனவரி முதல் ‘மானுவல் சாலிரான் மெஸ்ரா ஆலாம்’ என்ற புதிய வடிகால் கையேடு நடைமுறைக்கு வந்தது. 2012-இல் அதன் இரண்டாம் பதிப்பும் வந்தது. அதன் சாரம் இதுதான்: ஒரு நிலத்தைக் கட்டடமாக மாற்றினால், பெருமழையின் உச்சத்தில் அங்கிருந்து வெளியேறும் நீரின் வேகம் முன்பு இருந்ததைவிடக் கூடக்கூடாது. கூடுகிற நீரை அந்த இடத்திலேயே குளம் வெட்டித் தேக்கி, மெல்ல மெல்ல விடவேண்டும். மண் வேலை நடக்கும்போதும் சேறு வெளியேறாமல் தடுக்க வழி செய்திருக்க வேண்டும்.

அப்படியானால் என் அத்தையின் லயம் ஏன் மூழ்குகிறது?

அங்கேதான் மூன்று கதவுகளின் கதை வருகிறது. லயத்து மக்கள் முதலில் தோட்ட நிர்வாகத்திடம் போனார்கள். “தண்ணீர் எங்கள் நிலத்தில் உண்டானதல்ல, மேலே கட்டுகிறவர்களைக் கேளுங்கள்” என்று பதில். மேம்பாட்டாளரின் ஆட்களிடம் போனார்கள். “எங்களிடம் அனுமதி இருக்கிறது, அனுமதி கொடுத்த இடத்தில் கேளுங்கள்” என்று பதில். அங்கேயும் போனார்கள். “லயம் தனியார் நிலத்தில் இருக்கிறது, தோட்டத்தைக் கேளுங்கள்” என்று பதில். சுற்றிச் சுற்றி முதல் கதவுக்கே வந்துவிட்டார்கள். நான்காவது முறை யாரும் போகவில்லை. சேற்றைத் தள்ள விளக்குமாற்றை எடுத்துக்கொண்டார்கள்.

வாசகர்களே, நிலத்துக்கு எல்லைக்கல் உண்டு, மழைத்தண்ணீருக்குக் கிடையாது. எல்லையைத் தாண்டும் ஒன்றை எல்லைக்குள் இருப்பவர்களிடம் மட்டும் கேட்டால் இப்படித்தான் ஆகும். எல்லோருக்கும் மேலே நின்று கேட்கிறவர் யார்? சட்டத்தைப் பார்த்தால் பதில் தெளிவாக இருக்கிறது. நெகிரி செம்பிலான் உள்ளிட்ட மாநிலங்களுக்கு 1920-இல் இயற்றப்பட்ட தண்ணீர்ச் சட்டப்படி, ஆறுகள் மாநில ஆட்சியாளருக்கு உரியவை. நிலமும் அரசியலமைப்பின்படி மாநிலத்தின் பொறுப்பே. விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்ற, 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தின்கீழ் மாநிலத்தின் சம்மதம் வேண்டும். 2005-இல் அரசியலமைப்பைத் திருத்தி, குழாய்நீர் விநியோகத்தை மத்திய அரசும் மாநிலங்களும் கூட்டாகக் கவனிக்கும் பட்டியலில் சேர்த்தார்கள். ஆனால் ஆறு மாநிலத்திடமே இருக்கிறது. ஆக, மேட்டை வெட்டலாமா என்று முடிவு செய்வதும், வெட்டினால் ஓடிவரும் நீர் சேர்கிற ஆற்றைக் காப்பதும் ஒரே வீட்டுப் பொறுப்பு. அந்த வீடு சிரம்பானில் இருக்கும் மாநில அரசாங்கம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஊராட்சி மன்றத் தேர்தல் 1965-இல் நிறுத்தி வைக்கப்பட்டது. பிறகு 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அடியோடு இல்லாமல் போயிற்று. இன்று மன்ற உறுப்பினர்கள் நியமிக்கப்படுகிறவர்கள். ஆகவே அல்லூறு முதல் ஆறு வரை நாம் வாக்குப் போட்டுக் கேள்வி கேட்கக்கூடிய மிகப் பக்கத்து ஆள் நம் சட்டமன்ற உறுப்பினர்தான். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை அவர் நம் கோயில் வாசலுக்கு வருகிறார். நாம் அவர் அலுவலகத்துக்கு எத்தனை முறை போயிருக்கிறோம்?

மத்தியானம் ரந்தாவிலிருந்து தெற்கே போய் லிங்கி வட்டாரத்தை அடைந்தோம். இங்கே ஆறு அகலமாகி, சோம்பலாக நெளிந்து போகிறது. இந்த ஆற்றிலிருந்து நீரெடுத்துச் சுத்தம் செய்து போர்ட்டிக்சன் பக்கத்து மக்களுக்குக் குழாயில் அனுப்புகிறார்கள். காலையில் சிரம்பான் பாலத்தில் நான் பார்த்த காப்பி நிறத் தண்ணீர் நினைவுக்கு வந்தது. சிரம்பானில் அல்லூறில் விழுந்தது, இங்கே யாரோ ஒரு தாய் பால்மாவு கரைக்கும் தண்ணீரோடு வந்து சேர்கிறது. இடையில் மருந்து போட்டுச் சுத்தப்படுத்துகிறார்கள், உண்மைதான். ஆனால் அழுக்கு கூடக் கூடச் சுத்தம் செய்யும் பாடும் செலவும் கூடுகின்றன. தாங்க முடியாத அளவு வந்தால் நிலையத்தையே மூட வேண்டியதுதான். 2016 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் சிலாங்கூரின் செமினி நீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அந்தக் கதிதான் வந்தது. நீலாய்ப் பக்கத்துச் சுங்கை புவா வழியாக வந்த துர்நாற்றக் கழிவால் நிலையம் நிறுத்தப்பட்டு, ஆயிரக்கணக்கான வீடுகளில் குழாய் வறண்டது. கழிவு விழுந்தது ஒரு மாநிலத்தில், தாகம் எடுத்தது இன்னொரு மாநிலத்தில்!

நம் ஆட்கள் மட்டும்தான் இப்படிச் சிக்கியிருக்கிறோம் என்று எண்ண வேண்டாம். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளின் கூரைமீது ஏறி நின்றவர்களில் நம் குடும்பங்கள் எத்தனையோ. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோதும் இதே காரணம் பேசப்பட்டது: நீரைத் தாங்கி நின்ற ஏரிகளிலும் சதுப்பு நிலங்களிலும் கட்டடம் எழுந்துவிட்டது. அதே தமிழ்நாட்டில்தான் 2003-இல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம் என்று சட்டம் வந்தது. அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, ஊர் கூடி ஏரியைத் தூர்வாரிக் கரையைப் பலப்படுத்தும் குடிமராமத்து என்ற வழக்கம் அங்கே இருந்தது. வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்பது அதன் முறை. நம் பாட்டன்மார் கப்பலேறியபோது மண்வெட்டியைக் கொண்டுவந்தார்கள். அந்த வழக்கத்தை எங்கோ வழியில் விட்டுவிட்டோம்.

சாயங்காலம் கோலா லிங்கியில் நின்றேன். ஒரு கரை நெகிரி செம்பிலான், மறு கரை மலாக்கா. ஆறு சத்தமில்லாமல் கடலில் கலந்துகொண்டிருந்தது. அங்கே நின்று யோசித்தவற்றை உங்களுக்குச் சொல்கிறேன். உங்கள் லயத்துக்கோ தாமானுக்கோ பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, சாட்சி வையுங்கள். வெள்ளம் வந்த நாள், மழை தொடங்கிய நேரம், நீர் ஏறிய உயரம் ஆகியவற்றைச் சுவரில் கோடு போட்டுக் குறியுங்கள், படம் எடுங்கள். ‘அடிக்கடி வெள்ளம் வருகிறது’ என்ற முறையீட்டைவிட, மூன்று தேதியும் மூன்று கோடும் ஆயிரம் மடங்கு பேசும்.

இரண்டாவது, ஒருவராகப் போகாதீர்கள். கோயில் நிர்வாகம், பெற்றோர் ஆசிரியர் சங்கம், தொழிற்சங்கம் எதுவாயினும் ஒரு பெயரில் எழுதுங்கள். ஒரே கடிதத்தை ஊராட்சி மன்றம், மாவட்ட வடிகால் நீர்ப்பாசன இலாகா, மாவட்ட நில அலுவலகம், சட்டமன்ற உறுப்பினர் என்று நால்வருக்கும் அனுப்புங்கள். மற்ற மூவருக்கும் நகல் போயிருக்கிறது என்று கடிதத்திலேயே எழுதுங்கள். கதவு கதவாகச் சுற்றவிடும் வேலைக்கு அதுதான் மருந்து. கொடுத்ததற்கு முத்திரை குத்திய நகலை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். தோட்டம் தந்த வீட்டில் இருக்கும் தொழிலாளிக்கு இன்னொரு வழியும் உண்டு: 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்புச் சட்டம். வீட்டைப் பழுதில்லாமல் பராமரிப்பதும் நல்ல தண்ணீர் தருவதும் அந்தச் சட்டப்படி முதலாளியின் கடமை. முறையிட வேண்டிய இடம் தொழிலாளர் இலாகா.

மூன்றாவது, மேடு வெட்டப்படுவதற்கு முன்பே பேசுங்கள். இதுதான் முக்கியம். ஒரு நிலத்தில் கட்டடம் வரப்போகும்போது, அயல் நிலத்தின் உரிமையாளருக்குத்தான் சில சமயம் அறிவிப்புக் கடிதம் போகும். லயத்தில் குடியிருப்பவர் உரிமையாளர் அல்லரே, அவருக்கு வராது! ஆனால் 1976-ஆம் ஆண்டின் நகர்ப்புற, கிராமப்புறத் திட்டமிடல் சட்டப்படி, ‘ரஞ்சாங்கான் தெம்பாத்தான்’ என்னும் உள்ளூர்த் திட்டத்தின் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு ஏறத்தாழ ஒரு மாதம் வைத்தாக வேண்டும். அதற்கு ஆட்சேபம் எழுத நிலம் சொந்தமாக இருக்கவேண்டியதில்லை. எந்த மேடு எந்த நிறத்தில் காட்டப்பட்டிருக்கிறது என்று படித்த பிள்ளைகளை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். தடுப்புக் குளம் எங்கே, ஆற்றோரத்து ஒதுக்கு நிலம் எவ்வளவு என்று கேளுங்கள். ஐந்து மீட்டருக்கும் குறைந்த சிற்றோடைக்குக் கரைக்கு ஐந்து மீட்டர், நாற்பது மீட்டரைத் தாண்டிய ஆற்றுக்கு ஐம்பது மீட்டர் ஒதுக்கவேண்டும் என்பது வடிகால் இலாகாவின் வழிகாட்டி.

நான்காவது, நம் கைக்கு எட்டியதை நாமே செய்வோம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை லயத்து அல்லூறைச் சேர்ந்து சுத்தம் செய்வோம். பக்கத்து வரிசையில் இருக்கும் வங்காளதேச, இந்தோனேசியத் தொழிலாளர்களையும் கூப்பிடுங்கள். வெள்ளம் பாஸ்போர்ட் பார்த்து வருவதில்லை. 20 அடிக்கு 30 அடிக் கூரையில் ஓர் அங்குல மழை விழுந்தால் ஏழு டிரம் தண்ணீர். குளிக்காவிட்டாலும் செடிக்கும் துணிக்கும் ஆகும். டிரம்மை வலைத்துணியால் இறுகக் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் டிங்கிக் கொசு குடியேறிவிடும்.

இருட்டிய பிறகு அத்தை வீட்டுக்குத் திரும்பினேன். அடுப்படிச் சுவரில் சேற்றுநீர் விட்டுப்போன கறை இன்னும் காயவில்லை. பையிலிருந்த பென்சிலை எடுத்து, கறையின் மேல் விளிம்பில் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதியை எழுதினேன்.

“சுவத்தை ஏம்ப்பா அசிங்கம் பண்றே?” என்றார் அத்தை.

“தண்ணி எங்கேயிருந்து வந்துச்சுன்னு கேக்கப் போறோம் அத்தை. இதுதான் முதல் சாட்சி” என்றேன்.

அத்தை கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, போன வெள்ளத்தின் கறை எங்கே இருந்தது என்று அலமாரிக்குப் பின்னால் தேடப் போனார்.